வீடு தேடி வரும் ஹைட்ராலிக் ஆயில் சர்வீஸ்: பாதி இறக்கிவிட்டு முழுசா மாத்தியாச்சுன்னா எப்படி?

சித்திரை, வைகாசியில் மன்னார்குடி, நீடாமங்கலம், பாபநாசம் பக்கம் டிராக்டர்கள் கொட்டகையில் நிற்கும். வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பார்கள், அதற்குள் வண்டியைக் குறுவைக்குத் தயார் செய்துவிட வேண்டும் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். வீட்டு வாசலுக்கே வந்து ஆயில் மாற்றித் தரும் சர்வீஸுக்குக் கிராக்கி ஏறுவது இந்த நாட்களில்தான். பட்டறை வரைக்கும் வண்டியை ஓட்ட வேண்டாம், அங்கே போய் வரிசையில் நிற்க வேண்டாம், எல்லாம் கண் முன்னாலேயே நடக்கும். வசதியில் குறை சொல்ல எதுவுமில்லை.

எஞ்சின் ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் இந்த சர்வீஸை நம்பிக் கூப்பிடலாம். ஹைட்ராலிக் ஆயிலுக்கு, பெரும்பாலும் செய்யப்படுகிற விதத்தில், கூப்பிடக் கூடாது. எங்கே தப்பு நடக்கிறது, பாதியில் நின்ற வேலையை எப்படி முடிப்பது, என்ன சொல்லி வேலை வாங்கினால் இதே சர்வீஸ் உருப்படியாக இருக்கும் என்பதையெல்லாம் கீழே விரிவாகப் பார்க்கலாம்.

ரெண்டு பக்கெட் கணக்கு

டிராக்டர் ஆயில் கடையில் 20 லிட்டர் பக்கெட்டாகக் கிடைக்கிறது. வருகிறவர் பைக்கில் ரெண்டு பக்கெட் கட்டிக்கொண்டு வருகிறார். "ரெண்டு பக்கெட் போதும்ணே, டிப் ஸ்டிக்ல சரியா வந்துடும்" என்கிறார். அவர் சொன்ன மாதிரியே டிப் ஸ்டிக்கிலும் சரியாகத்தான் காட்டும். பழைய ஆயில் பாதி உள்ளேயே கிடந்தால் அளவு ஏன் வராது?

இன்றைக்கு ஓடுகிற பெரும்பாலான வண்டிகளில் கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், லிஃப்ட், வெட் பிரேக் (ஆயிலில் முங்கி ஓடும் பிரேக்) எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில்தான், ஹைட்ராலிக் ஆயில் என்று சொல்வதும் அதைத்தான். அந்த ஆயில் ஒரே தொட்டியில் தேங்கி நிற்பதில்லை. முன்னால் கியர் ஹவுசிங், நடுவில் கிரவுன் இருக்கும் ஹவுசிங், இரண்டு பக்கமும் ஆக்சில் குழாய்கள், மேலே லிஃப்ட் சிலிண்டர், பக்கத்தில் ஃபில்டர், போதாததற்கு டிப்பருக்குப் போகும் ஹோஸ் என்று பிரிந்து கிடக்கிறது. ஹவுசிங்குகளுக்கு நடுவே உள்ள தடுப்புச் சுவரில் ஓட்டை மேலே இருந்தால், அந்த மட்டத்துக்குக் கீழே உள்ள ஆயில் பக்கத்து அறை வழியாக ஒரு சொட்டுகூட வெளியே வராது. அதற்காகத்தான் கம்பெனி இரண்டு, மூன்று, சில மாடல்களில் அதற்கும் மேலே, ஆயிலை வெளியே விடும் ட்ரெயின் நட்டு வைத்திருக்கிறது. வாசலுக்கு வருகிறவர் திறப்பது பெரும்பாலும் நடுவில் கைக்கு எட்டுகிற ஒன்றைத்தான். மற்றவை சேறு காய்ந்து மூடிக் கிடக்கும், சில நேரம் பெயின்டோடு ஒட்டியிருக்கும். சுரண்டித் தேடினால்தான் கண்ணில் படும்.

கையேட்டில் 52 லிட்டர் என்று போட்டிருக்கும் வண்டி ஒன்றை வைத்துக் கணக்குப் பார்க்கலாம். ஒரு நட்டைத் திறந்து 36 லிட்டர் இறக்கி, புது ஆயில் 36 லிட்டர் ஊற்றினால் 16 லிட்டர் பழசு உள்ளேயே இருக்கும். நூற்றுக்கு 31 பங்கு பழசு. பழைய ஆயிலில் 5 சதவீதம் தண்ணீர் கலந்திருந்தால் அந்த 16 லிட்டரில் மட்டும் 800 மில்லி தண்ணீர் தங்குகிறது. புது ஆயிலோடு சேர்ந்த பிறகும் ஒன்றரை சதவீதம். பேரிங்கும் பம்பும் துருப்பிடிக்க அது தாராளம். காசு செலவழித்து வாங்கி ஊற்றிய ஆயில் மறுநாளே காபி நிறத்துக்கு வருவதற்கு இதுதான் காரணம். "புது ஆயிலே டூப்ளிகேட்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

டெல்டா வண்டிக்குத் தண்ணீர் எப்படிப் போகிறது

மேட்டுக்காட்டில் ஓடுகிற வண்டிக்குப் பாதி ஆயில் மாற்றினால் அவ்வளவு சீக்கிரம் தெரியாது. நம் வண்டிகள் அப்படி இல்லை. கேஜ் வீல் (சேற்றில் ஓட்டும் இரும்புச் சக்கரம்) மாட்டி, ரொட்டவேட்டரோடு சேற்றில் ஆக்சில் வரைக்கும் இறங்கி நிற்கிறவை. நாலு மணி நேரம் சேறடித்தால் பின் ஹவுசிங் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். அப்படியே வயலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனால் ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று ஆறும், உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். மேலே உள்ள ஏர் பிரீதர் திறந்திருந்தால் காற்று அது வழியாக உள்ளே போய்ச் சமன் செய்துவிடும். பிரீதரைச் சேறு அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, ஆக்சில் சீலின் (ஆயில் வெளியே வராமல் அடைக்கும் ரப்பர் வளையத்தின்) உதடு வழியாக வெளியே இருக்கும் சேற்றுத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். வைக்கோல் சுற்றி அறுத்த சீலாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

பிரஷர் பம்பில் வண்டி கழுவும்போது பிரீதர், டிப் ஸ்டிக் மூடி, கியர் லீவர் ரப்பர் மேல் நேராகப் பீய்ச்சி அடிப்பதும் இதே தப்புதான், அதுவும் சூடு ஆறுவதற்கு முன்னால் அடித்தால் இன்னும் மோசம்.

ஆக, தண்ணீர் நுழைகிற முக்கியமான வழி ஆக்சில் சீல். நுழைந்த தண்ணீர் ஆக்சில் குழாயின் அடியில் தேங்குகிறது. அந்தக் குழாய்க்கு உள்ள நட்டைத்தான் யாரும் திறப்பதில்லை. இந்த சர்வீஸின் பெரிய குறையாக இதைத்தான் சொல்ல வேண்டும். சேற்று உழவுக்குப் பிறகு எந்த இடத்தைக் கட்டாயம் திறக்க வேண்டுமோ அதை விட்டுவிட்டு, ஆயில் நன்றாக இருக்கும் இடத்தைத் திறந்து மாற்றுகிறார்கள்.

வேலை பாதியில் நின்றதா என்று கண்டுபிடிக்க

ஆயில் மாற்றி 5, 6 மணி நேரம் ஓட்டிய பிறகு வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் ஒரு டம்ளர் அளவு ஆயில் பிடித்து வெளிச்சத்தில் வையுங்கள். மோர் மாதிரி வெளுத்திருந்தால் உடனே தண்ணீர் என்று முடிவு கட்ட வேண்டாம், காற்றாகவும் இருக்கலாம். காற்று என்றால் அடியிலிருந்து மேல்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும், அரை மணி நேரத்தில் ஆயில் தன் நிறத்துக்கு வந்துவிடும். தண்ணீர் என்றால் அப்படித் தெளியாது. மறுநாள் பார்த்தாலும் வெளுப்பாகவே இருக்கும், இல்லையென்றால் அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்கும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரு பழைய இரும்புத் தகட்டைச் சூடாக்கி அதன் மேல் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். தண்ணீர் கலந்த ஆயில் படபடவென்று வெடித்துக் குமிழிடும். சுத்தமான ஆயில் சத்தமில்லாமல் பரவி லேசாகப் புகையும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு சொட்டுக்கு மேல் விடாதீர்கள், டீசல் கேன் பக்கத்தில் இருக்கக் கூடாது.

வண்டியும் சொல்லும். காலையில் லிஃப்ட் நன்றாகத் தூக்கி, ஒரு மணி நேரம் உழுத பிறகு திணறினால், ஃபில்டரோ உறிஞ்சும் பக்கத்து வலையோ மாற்றாமல் விட்டதாக இருக்கலாம், ஆயில் பதம் தப்பாக இருக்கலாம், பம்பே தேய்ந்திருக்கலாம். லிஃப்ட் ஏறும்போது வீல் என்று ஒரு கூவல் கேட்டால் பம்புக்கு ஆயில் போதவில்லை: வலை அடைத்திருக்கும், அளவு குறைவாக இருக்கும், அல்லது உறிஞ்சும் பைப்பின் ஓரிங் (ரப்பர் வளையம்) காற்றை இழுக்கும். பிரேக் மிதிக்கும்போது வண்டி உதறிக் கத்தினால், ஊற்றிய ஆயில் வெட் பிரேக்குக்கு ஆகாதது என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

ஆயில் தேர்வு

இந்த இடத்தில் சர்வீஸ் ஆட்களை நம்பவே முடியாது. பொக்லைனுக்கு ஊற்றும் 68 கிரேடு ஆயில் பேரலில் மலிவாகக் கிடைக்கும், பெயரும் "ஹைட்ராலிக் ஆயில்" என்றுதான் இருக்கும். அதில் லிஃப்ட் வேலை செய்யும். ஆனால் கியருக்கு வேண்டிய தாங்கு சக்தியும், ஆயிலில் முங்கி ஓடும் பிரேக் தட்டுக்கு வேண்டிய உராய்வுச் சேர்மானமும் அதில் கிடையாது. 90 கியர் ஆயில் கெட்டி. லிஃப்ட் பம்பு அதை உறிஞ்சத் திணறும். எஞ்சினுக்கு ஊற்றும் 20-40 மிச்சம் இருக்கிறதே என்று டாப்அப் செய்வதும் தப்பு. எஞ்சின், கியர், ஹைட்ராலிக் எல்லாவற்றுக்கும் பொதுவான ஆயில் என்று தனி ரகம் உண்டு, அதுவும் கையேட்டில் அனுமதித்திருந்தால் மட்டும். டப்பாவில் டிராக்டர் டிரான்ஸ்மிஷனுக்கான யுடிடிஓ வகை என்றும், வெட் பிரேக்குக்கு ஏற்றது என்றும் அச்சிட்டிருக்க வேண்டும். கம்பெனி கையேட்டில் உள்ள ஆயில் தரக் குறியீட்டை டப்பாவில் உள்ளதோடு வைத்துப் பாருங்கள். சீல் உடைக்காத பக்கெட்டை நீங்களே வாங்கி வைப்பதுதான் நல்லது.

பாதி வேலையை முழுசாக்கும் முறை

ஏற்கெனவே அரைகுறையாக மாற்றிவிட்ட வண்டி என்றால், ஊற்றிய புது ஆயில் போகிறதே என்று பார்க்காதீர்கள். தண்ணீர் தெரிந்தால் அதையும் இறக்கத்தான் வேண்டும். தண்ணீர் இல்லை, நிறம் மட்டும் கொஞ்சம் மங்கல், பழைய ஆயிலும் அதே வகை என்று உறுதியாகத் தெரிந்தால் ஃபில்டரை மாற்றி, விட்டுப்போன அறைகளை மட்டும் இறக்கி, அளவு பார்த்து ஊற்றினால் போதும்.

தண்ணீர் கலந்த வண்டியை முதல் நாள் சாயங்காலமே சமதளத்தில் நிறுத்துங்கள். நம் வீட்டு வாசல்கள் பெரும்பாலும் தெருப்பக்கம் சரிவாக இருக்கும். அங்கே இறக்கினால் ஒரு மூலையில் கட்டாயம் தங்கும். களத்து மேட்டு சிமென்ட் தளம் உத்தமம். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், ஒவ்வொரு ட்ரெயின் நட்டையும் முழுசாகக் கழற்றாமல் மரையில் நிற்கும்படி தளர்த்துங்கள். இரவெல்லாம் அடியில் இறங்கிய தண்ணீர் முதலில் ஒழுகும். சில நேரம் மண் கலந்து சாம்பல் நிறத்தில் வரும். அது நின்று ஆயில் வர ஆரம்பித்ததும் மூடிவிடுங்கள்.

அதன் பிறகுதான் சூடாக்குவது. 15, 20 நிமிடம் மெதுவாக ஓட்டி, லிஃப்டைச் சில தடவை ஏற்றி இறக்கி, ஆயில் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் நிறுத்துங்கள். குளிர்ந்த ஆயில் ஹவுசிங் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும், அடிமண்டியும் கிளம்பாது. ரொட்டவேட்டரைக் கழற்றி வைத்து, லிஃப்ட் கைகளை முழுக்கக் கீழே இறக்கிவிட வேண்டும். மேலே நின்றால் சிலிண்டருக்குள் பழைய ஆயில் மாட்டிக்கொள்ளும். எஞ்சினை அணைத்துவிட்டு, டிப்பர் லீவரை இரண்டு பக்கமும் ஆட்டி அழுத்தத்தை விடுங்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். தூக்கி நிறுத்திய கருவிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது.

இப்போது எல்லா நட்டுகளையும் திறங்கள். இறங்குவதை லிட்டர் குறியிட்ட கேனில் பிடித்து, ஒவ்வொரு அறையிலிருந்தும் எவ்வளவு என்று சுவரில் கரிக்கட்டியால் எழுதுங்கள். சொட்டு நிற்கும் வரை விட வேண்டும், ஒரு மணி நேரமாவது. "தண்ணி மாதிரி கொட்டிடுச்சு, மூடலாம்" என்று பத்து நிமிடத்தில் மூடுவதை அனுமதிக்காதீர்கள். எழுதி வைத்ததன் கூட்டுத்தொகை கையேட்டு அளவுக்கு ஒன்றிரண்டு லிட்டர் குறைவாக வந்தால் சரி. எட்டு, பத்து லிட்டர் குறைந்தால், முன்பு இருந்த அளவே குறைவு என்றில்லாத பட்சத்தில், திறக்காத நட்டு எங்கேயோ இருக்கிறது.

நட்டில் காந்தம் இருந்தால் துடைப்பதற்கு முன் பாருங்கள். கருப்புப் பசை மாதிரி நைஸ் தூள் சகஜம். விரல் நகத்தில் தட்டுப்படும் இரும்புச் சில்லு சகஜமில்லை. ஆயிலில் பித்தளைப் பொடி மினுக்கினால் புஷ்ஷோ பம்போ தேய்கிறது. அப்போது ஆயில் மாற்றுவதோடு நிறுத்தாமல் ஃபிட்டரிடம் காட்டுங்கள்.

ஃபில்டர் பக்கத்து மூடியைத் திறந்தால் இன்னும் கொஞ்சம் ஆயில் வரும், பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள். கம்பி வலை என்றால் டீசலில் பிரஷ் போட்டுக் கழுவி, காற்று அடித்து நன்றாகக் காய வைத்து மாட்டலாம். பேப்பர் ஃபில்டரைக் கழுவி மாட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், மாற்றத்தான் வேண்டும். ஓரிங்கும் செம்பு வாஷரும் புதுசு. பழைய ஓரிங் தட்டையாகியிருக்கும். அது ஆயிலை வெளியே விடாவிட்டாலும் காற்றை உள்ளே விடும்.

டீசல் ஊற்றி ஓட்டிக் கழுவுவது இங்கே ரொம்பப் பிரசித்தம். செய்யாதீர்கள். பம்புக்கும் கியருக்கும் மசகு போடும் கெட்டித்தன்மை டீசலுக்கு இல்லை, கடைசியில் ஒன்றிரண்டு லிட்டர் டீசல் உள்ளே தங்கி புது ஆயிலையும் இளக்கிவிடும். கழுவ வேண்டுமென்றால் அதே வகை ஆயிலை டிப் ஸ்டிக்கின் கீழ்க்கோடு வரைக்கும் ஊற்றி, பாரமில்லாமல் 1000, 1200 ஆர்பிஎம்மில் 15 நிமிடம் ஓட்டி, சூட்டோடு இறக்குங்கள். செலவுதான், ஆனால் மோர் மாதிரி வெளுத்த வண்டிக்கு வேறு வழி இல்லை. எல்லா நட்டையும் திறந்து செய்தால் பெரும்பாலும் ஒரு கழுவு போதும்.

ஊற்றும்போது கையேட்டு அளவை ஒரேயடியாக ஊற்றாமல் நாலைந்து லிட்டர் குறைவாக ஊற்றுங்கள். பத்து நிமிடம் விட்டு, ஸ்டார்ட் செய்து, லிஃப்டைப் பத்து தடவை ஏற்றி இறக்குங்கள். ஸ்டியரிங்கும் அதே ஆயிலில் ஓடுகிற மாடல் என்றால் இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்புங்கள். பிறகு லிஃப்டைக் கீழே இறக்கி, எஞ்சினை அணைத்து, கையேட்டில் சொல்லும் நேரம் காத்திருந்து டிப் ஸ்டிக் பார்த்து மிச்சத்தை ஊற்றுங்கள். கோட்டுக்கு மேலே ஊற்றினால் கியர் அடித்து நுரைக்கும், பிரீதர் வழியாகவும் பிடிஓ (ரொட்டவேட்டரைச் சுழற்றும் பின்தண்டு) சீல் வழியாகவும் வழியும்.

சீலையும் பிரீதரையும் சரி செய்யாமல் இவ்வளவும் செய்தால் முதல் சேற்றிலேயே வீண். பிரீதரைக் கழற்றி ஊதிப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. வாசலுக்கு வரும் சர்வீஸில் இதை யாரும் செய்வதில்லை என்பது வருத்தமாக இருக்கிறது.

டிப்பர் விஷயம்

தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. டிப்பர் ட்ரெய்லரின் சிலிண்டரில் தங்கும் ஆயிலும் நம் டிராக்டரின் ஆயில்தான். அறுவடைக் காலத்தில் ஒரே டிப்பர் மூன்று வண்டிகளுக்கு மாறி மாறி மாட்டப்படும். ஒரு வண்டியின் வெளுத்த ஆயில் அடுத்த வண்டிக்குப் போவது இப்படித்தான். ஆயில் மாற்றும் அன்று டிப்பரை முழுக்க இறக்கிவிட்டு ஹோஸைக் கழற்றி, கப்ளரைத் துடைத்து மூடி போட்டு வையுங்கள். டிப்பர் சிலிண்டரில் அழுக்கு ஆயில் இருந்தால் அதையும் தனியாக இறக்கச் சொல்லுங்கள். ஹோஸில் ஒழுகல் தேடும்போது கை வைத்துத் தடவக் கூடாது. ஊசித் துளையிலிருந்து பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். அப்படி நடந்தால் அது உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

எந்த சர்வீஸ், எதற்கு

வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் யோசிக்காமல் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். ஃபில்டர் பார்ட் நம்பரும் லிட்டர் அளவும் பில்லில் வரும், பிறகு பேச ஆதாரம் இருக்கும். அங்கேயும் சீசன் அவசரத்தில் ஆக்சில் நட்டைத் திறக்காமல் விடுவது உண்டு. பக்கத்தில் நிற்க விட்டால் நின்று பாருங்கள். வாரண்டி முடிந்த வண்டிக்கு, தரையில் குழி வெட்டியோ மேடை கட்டியோ அடியில் போய் வேலை பார்க்கும் வசதியுள்ள டவுன் பட்டறையே நல்ல தேர்வு. நாள் முழுக்க அங்கே நின்று இறங்கும். வாசல் சர்வீஸைக் கூப்பிட்டே ஆக வேண்டுமென்றால், எல்லா ட்ரெயினும் திறக்க வேண்டும், ஒரு மணி நேரம் வடிய விட வேண்டும், இறங்கியதை அளந்து காட்ட வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். கூலியை ஊற்றிய பக்கெட் கணக்கில் பேசாமல் வேலைக்கு என்று பேசுங்கள். பக்கெட் கணக்கில் பேசினால் நேரம் போகப் போக அவருக்கு நஷ்டம், அவசரப்படத்தான் செய்வார். அவருடைய அரை நாளுக்கு நியாயமான கூலி கொடுக்காமல் முழு வேலை எதிர்பார்ப்பதும் சரியில்லை.

கையேடுகள் பல மாடல்களுக்கு 1000 மணி நேரம் அல்லது அதையொட்டிச் சொல்கின்றன. குறுவையும் தாளடியும் சேறடிக்கிற வண்டிக்கு அந்தக் கணக்கை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். ஒவ்வொரு சேற்று உழவு சீசன் முடிந்ததும் ஆக்சில் நட்டைத் தளர்த்தித் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள்.

இறக்கிய பழைய ஆயிலை வாய்க்காலில் கொட்டுவதையும், சர்வீஸ் ஆட்கள் கொல்லைப்பக்கம் குழியில் ஊற்றிவிட்டுப் போவதையும் விடக் கூடாது. பயன்படுத்திய ஆயில் 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அபாயகரக் கழிவு. மூடி போட்ட கேனில் வைத்து, பதிவு பெற்ற மறுசுழற்சி ஆட்களுக்குக் கொடுக்கும் பட்டறையிடம் ஒப்படையுங்கள். அந்த வாய்க்கால் தண்ணீர்தான் அடுத்த மாதம் நாற்றங்காலுக்குப் போகிறது.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு ட்ரெயின் நட்டுக்கு அடியிலும் ஒரு காய்ந்த அட்டையைப் போட்டுவிட்டுப் படுக்கப் போங்கள். காலையில் அட்டையில் கறை இருந்தால் அந்த நட்டின் வாஷரை மாற்றச் சொல்லி, அதன் பிறகு மீதிக் கூலியைக் கொடுங்கள்.